டூலாலி என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது

எங்கள் ஜெட்டியில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஜெட்டி என்றால், தூத்துக்குடியில் கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோகும் மோட்டார் படகுகளான லாஞ்சுகள் கட்டிக்கிடக்கிற இடம். அங்கே உயரமாக ஒருவர் இருக்கிறார், அவர் பெயர் லைட் ஹவுஸ். காலையில் டீக்கடைக்குப் போனால் பன் தின்னாமல் எழுந்திரிக்காதவன் ஒருவன், அவன் பெயர் பன். என் பெயர் வாந்தி.

பத்தாவது முடித்த கையோடு நான் லாஞ்சு வேலைக்கு வந்தேன். முதல் நாள் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நின்ற ஒரு கப்பலுக்குப் போகும்போது முதலாளியின் வெள்ளைச் சட்டைமேலேயே எடுத்துவிட்டேன். அன்றைக்கு ஒட்டிய பெயர் போகவே இல்லை. நானே லாஞ்சு ஓட்டுகிற ஆளான பிறகும் போகவில்லை. என் கல்யாணத்தன்று கோவில் வாசலில் வைத்து ஒருவன், “ஏலே வாந்தி, மாலைய நேரா போடுலே” என்றான். புதுப்பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அது யார் பெயர் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

நான் சொல்லப்போகிற கதை இன்னொரு பெயரைப் பற்றியது. அது ஏன் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது என்று விளங்கவேண்டும் என்றுதான் வாந்தியை முதலில் சொன்னேன்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. கப்பல்காரர்கள் எதைக் கேட்டாலும் ‘யெஸ் சார், கமிங் சார்’ என்று சொல்லிவிட வேண்டும். தெரியாது என்று சொன்னால் அடுத்த லாஞ்சுக்காரனுக்கு அந்த ஆர்டர் போய்விடும். முதலில் சரி என்று தலையாட்டுவது, கரைக்கு வந்தபிறகு அது என்ன சாமான், எங்கே கிடைக்கும் என்று கடை கடையாக ஏறி இறங்குவது. ஒரு கப்பல் சமையல்காரர் பார்ஸ்லி என்று ஒரு தழை கேட்டார். மார்க்கெட்டில் காய்கறிக்கடை அண்ணாச்சிக்கும் அது என்னவென்று தெரியவில்லை. “பச்சையா, தழையாத்தானே கேட்டான்? கொத்தமல்லியக் கொண்டு கொடும்வே. பிடிக்கலைன்னா மீனுக்குப் போடட்டும்” என்று கட்டித் தந்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். இப்படித்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

இந்தப் பழக்கம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. எனக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் சிறுவயதிலிருந்தே கேள்வி கேட்கிறவள். பகலில் ஏன் நிலா தெரிகிறது, முத்து உண்டாகும்போது சிப்பிக்கு வலிக்குமா, கடலுக்கு அடியில் இடி கேட்குமா என்று வரிசையாகக் கேட்பாள். நான் எல்லாவற்றுக்கும் ஏதாவது சொல்லிவிடுவேன். “வலிக்காதும்மா, கொஞ்சம் கூச்சமா இருக்கும்” என்றேன் சிப்பிக்கு. அவள் அதை அப்படியே நம்பினாள். பிள்ளை நம்புகிறது என்பதில் ஒரு சுகம் இருக்கிறது. பத்தாவது படித்தவனுக்கு அந்தச் சுகம் கொஞ்சம் கூடுதல்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு சரக்குக் கப்பல் எங்கள் வெளிக்கடலில் வந்து மாட்டிக்கொண்டது. முதலாளிகளுக்குள் ஏதோ வழக்கு. கோர்ட்டு உத்தரவு வரும்வரை கப்பல் நகரக்கூடாது. கப்பலில் இருந்தவர்களும் இறங்கக்கூடாது, கப்பலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. பல நாட்டுக்காரர்கள் இருந்தார்கள். தலைமை எஞ்சினியர் மட்டும் இங்கிலாந்துக்காரர், வயசானவர், வெயிலில் மூக்கெல்லாம் தோல் உரிந்திருக்கும். அவர்களுக்குத் தண்ணீர், அரிசி, காய்கறி கொண்டுபோகிற வேலை எங்கள் லாஞ்சுக்கு வந்தது.

ஆடி மாதக் காற்று எங்கள் கடலில் எப்படி இருக்கும் என்று கரையில் இருக்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அலை ஒரு பக்கம் தூக்கினால் காற்று மறுபக்கம் அறையும். அப்படி ஒரு நாள் எந்த லாஞ்சும் வெளியே போகவில்லை. கப்பலில் குடிதண்ணீர் தீர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் தண்ணீர் கேன்களையும் இளநீர்க் குலைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பன் மட்டும் கூட வந்தான். கப்பல் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது ரெண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை உப்பு.

மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த எஞ்சினியர் எட்டிப் பார்த்தார். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். “யூ ஆர் டூலாலி, மை ஃப்ரெண்ட்” என்று கத்தினார். ஏணி வழியே மேலே ஏறியதும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதே வார்த்தையைத் திரும்பவும் சொன்னார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கப்பலில் நான் அதுவரை சிரிப்பைப் பார்த்ததே இல்லை.

அது என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். காற்றில் போனேன், கட்டிப்பிடித்தார், சிரித்தார். இதற்குமேல் என்ன வேண்டும் என்று நானே கூட்டிக் கழித்துக்கொண்டேன். கடலுக்குப் பயப்படாதவன் என்று அர்த்தமாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு என் லாஞ்சு தூரத்தில் தெரிந்தாலே கப்பலில் இருந்தவர்கள் “டூலாலி, டூலாலி” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பன் ஜெட்டியில் வந்து சொன்னான். ஜெட்டி ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொன்றை ஒட்டியது. வாந்தி போய் டூலாலி ஆனேன்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். ஸ்டிக்கர் கடையில் போய் சிவப்பு எழுத்தில் வெட்டச்சொல்லி என் பைக்கின் பெட்ரோல் டேங்கில் ஒட்டினேன். அந்த பைக்கில்தான் மகளைத் தினமும் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுவேன். அவள் ஒருநாள் அந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டே அர்த்தம் கேட்டாள். கடலுக்குப் பயப்படாதவன் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அந்தக் காலத்துல இங்கிலீஷ்காரங்க பெரிய மாலுமிக்கு மட்டுந்தான் இந்தப் பட்டத்தக் கொடுப்பாங்க” என்று சேர்த்துச் சொன்னேன். அது எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. வாய் சொன்னது.

கோர்ட்டு உத்தரவு வந்தது, இருந்தவர்கள் இறங்கினார்கள், வேறு ஆட்களோடு கப்பல் போனது, பெயர் மட்டும் என்னோடு நின்றுவிட்டது.

போன வருஷம் மகள் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் தினம் என்று ஒரு விழா வைத்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவரும் நம்ம ஊரில் புழங்குகிற, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு இங்கிலீஷ் வார்த்தையைக் கொண்டுவந்து, அதன் அர்த்தமும் அது எப்படிப் பிறந்தது என்பதும் மேடையில் சொல்ல வேண்டும். போனில் தேடக்கூடாது, வீட்டிலும் வேலை நடக்கிற இடத்திலும் பெரியவர்களிடம் கேட்டு வரவேண்டும் என்பது டீச்சர் போட்ட விதி. நல்ல விதிதான். எங்கள் வீட்டில்தான் அது போய் இடித்தது.

மகள் எந்த வார்த்தையை எடுப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினாள். நான் பக்கத்தில் நின்று, இந்த இடத்தில் கையைத் தூக்கு, அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்து என்று சொல்லிக்கொடுத்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவி ஒரே ஒரு தடவை சொன்னாள். “ஏங்க, அந்த வார்த்தைய கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்ல யாருகிட்டயாவது ஒருவாட்டி கேட்டுக்கிடுங்க. பிள்ள மேடையில பேசப்போகுது.” எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்ட பெயருக்கு அர்த்தம் நான் இன்னொருத்தனிடம் கேட்கணுமா என்று சொன்னேன்.

விழாவுக்கு நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். சிறப்பு விருந்தினர் கப்பல் கேப்டனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், நம்ம ஊர்க்காரர்தான். கப்பல்காரர் வந்திருக்கிறார், நம்ம பிள்ளை பேச்சைக் கேட்டால் அசந்துபோவார் என்று மனைவியிடம் கிசுகிசுத்தேன்.

மகள் நன்றாகப் பேசினாள். எங்கப்பா லாஞ்சு ஓட்டுகிறார் என்று தொடங்கினாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு தயக்கமும் இல்லை. ஆடிக் காற்று, தண்ணீர் கேன், இங்கிலாந்து எஞ்சினியர், கடலுக்குப் பயப்படாதவன், பெரிய மாலுமிகளுக்கு மட்டும் கொடுக்கிற பட்டம். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரு டீச்சர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். மேடையில் இருந்த கேப்டன் சத்தமாகச் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் அவர் பாராட்டித்தான் சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். இதை எழுதும்போது எனக்கு அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும்விடக் கூசுகிறது.

கடைசியில் கேப்டன் பேச எழுந்தார். நல்ல மனுஷர், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிள்ளைகள் தப்பாகப் படித்துவிடக்கூடாது என்று விளக்கமாகச் சொன்னார். டூலாலி என்றால் புத்தி பிசகியவன் என்று அர்த்தமாம். வெள்ளைக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்கிற கொச்சை வார்த்தையாம். அது பிறந்ததும் நம்ம நாட்டில்தான். நாசிக் பக்கத்தில் தேவ்லாலி என்று ஒரு ஊர். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே பட்டாளத்து முகாம் இருந்தது. இந்தியாவில் வேலை முடிந்த சிப்பாய்களை ஊருக்கு அனுப்புவதற்கு முன்னால் அங்கே கொண்டுவந்து வைப்பார்கள். கப்பல் வருஷத்தில் சில மாதம்தான் போகும். அதுவரை காத்துக்கிடக்க வேண்டும். செய்ய வேலை இல்லை, வெயில், காய்ச்சல், எப்போது கப்பல் என்று சொல்ல ஆள் இல்லை. அப்படியே சில பேருக்குப் புத்தி தடுமாறிவிடும். அவனுக்குத் தேவ்லாலிக் காய்ச்சல் வந்துவிட்டது என்று சொல்வார்களாம். தேவ்லாலி அவர்கள் வாயில் டூலாலி ஆகி, காய்ச்சல் என்பது உதிர்ந்து, வெறும் டூலாலி நின்றுவிட்டது.

“அதனால என்ன, உங்கப்பாவ அவங்க பிரியமாத்தான் கூப்பிட்டிருப்பாங்க” என்று மகளைப் பார்த்து முடித்தார். அரங்கம் முழுக்கச் சிரித்தது.

மகள் மேடை ஓரத்தில் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கீழே என்னைத் தேடிப் பார்த்தாள். அதில் கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். மாற்றிக் கொடுத்துவிட்ட சாமானைக் கப்பல்காரர் உற்றுப் பார்ப்பார் பாருங்கள், அப்படிப் பார்த்தாள்.

அன்றைக்கு அவள் என் பைக்கில் ஏறவில்லை. அம்மாவோடு ஆட்டோவில் வந்தாள். மறுநாள் காலையில் நான் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தேன். ஆனால் சுற்றியுள்ள பெயின்ட் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது, ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் புதுசாக இருந்தது. எழுத்து முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அதன்மேல் ஒரு பழைய துண்டைக் கட்டிக்கொண்டு கொஞ்சநாள் ஓட்டினேன். பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவளை டூலாலி மகள் என்று கூப்பிடுவதாக என் மகன்தான் சொன்னான். அவன் சின்னவன், அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

ஜெட்டியில் விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்குச் சிரித்தார்கள். “இதுக்கு வாந்தியே பரவால்லலே” என்றான் பன். அவன் சொன்னது எனக்கு உறைக்கவில்லை. வீட்டில் நடந்ததுதான் உறைத்தது. மகள் என்னிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. தண்ணீர் கேட்டால் கொண்டுவந்து தருவாள். ஏதாவது தெரிய வேண்டும் என்றால் அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கதவுக்கு அந்தப் பக்கம் போன் அவளுக்குப் பதில் சொல்கிற சத்தம் எனக்குக் கேட்கும். பகலில் நிலா ஏன் தெரிகிறது என்பதை அது என்னைவிடச் சரியாகத்தான் சொல்லியிருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அந்த வார்த்தையைப் பற்றிச் சரியாக இன்னொரு தடவை காலை அசெம்பிளியில் பேசச்சொல்லி டீச்சர் கூப்பிட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், அவள் சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

“அப்பா, அந்தக் கப்பல்ல என்ன நடந்துச்சு? நடந்தத மட்டும் சொல்லுங்க.”

‘மட்டும்’ என்பதை அவள் அழுத்தியெல்லாம் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அது எங்கேயோ போய்க் குத்தியது. பதிமூன்று வயதுப் பிள்ளை அப்பாவிடம் அப்படிக் கேட்க வேண்டியிருக்கிறது.

சொன்னேன். சொல்லச்சொல்லத்தான் நான் என்ன பார்த்தேன் என்பதே எனக்கு விளங்கியது. அந்தக் கப்பலில் ஒரு அதிகாரி தினமும் ஷூவுக்குப் பாலிஷ் போடுவார், போட்டுக்கொண்டு போக இடம் கிடையாது. சமையல்காரர் ஒரே பாட்டைப் பாடுவார், மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற ஒரு ஆள் இருந்தார். என் லாஞ்சைப் பார்த்ததும் துணிமணியெல்லாம் பையில் அடைத்து ஏணிப் பக்கம் கொண்டுவந்து வைத்துவிடுவார். நான் திரும்பும்போது அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார். விழா மேடையில் கேப்டன் சொன்ன முகாம் போலத்தான் அந்தக் கப்பலும், அங்கே நான் வாரா வாரம் போய் நின்றிருக்கிறேன். பெயரை மட்டும் நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

“அவரு ஏன் பையக் கொண்டுவந்தாரு?” என்று மகள் கேட்டாள்.

இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது, ஆனாலும் சொன்னேன். அவர்கள் ஒவ்வொரு தடவையும் என்னிடம்தான் கேட்பார்கள், ஏதாவது செய்தி உண்டா, எப்போது விடுவார்கள் என்று. எனக்கு என்ன தெரியும்? நான் தண்ணீர் கொண்டுபோகிறவன். ஆனால் கப்பல்காரனிடம் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ‘டூ டேஸ் சார், டூ டேஸ்’ என்று சொல்லிவிட்டு வருவேன். அடுத்த தடவை போகும்போது பை வந்திருக்கும். திரும்பவும் அதையே சொல்வேன்.

மகள், “பொய்யா சொன்னீங்க?” என்றாள்.

“பொய்யின்னு நினைக்கலம்மா. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல.”

“என்கிட்டயும் அப்படித்தானா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் எழுந்து போய்விட்டாள். போகும்போது, “அசெம்பிளிக்கு நீங்க வரவேண்டாம்ப்பா” என்று மட்டும் சொன்னாள். பெற்றோரைக் கூப்பிடாத அசெம்பிளிக்கு நான் எதற்குப் போகப்போகிறேன். அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் சொன்னாள்.

அசெம்பிளி அன்றைக்குக் காலையில் நான் கடலில் இருந்தேன். வெளிக்கடலில் ஒரு நிலக்கரிக் கப்பலுக்கு வெங்காயம் கொண்டுபோனேன். பள்ளிக்கூடத்தில் மணி அடித்திருக்கும், இப்போது பிள்ளை மைக் முன்னால் நிற்கும், இப்போது என்னைப் பற்றி வருகிற இடம் வந்திருக்கும் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே ஓட்டினேன். பை வைத்த ஆளையும் ரெண்டு நாள் என்று சொன்ன ஆளையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருப்பாள். காது சுட்டது. அவள் என்ன பேசினாள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் பையைக்கூடக் கழற்றாமல் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“டீச்சர் ஒண்ணு கேட்டாங்கப்பா. எனக்குத் தெரியல. அவங்கல்லாம் வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டாங்களா?”

எத்தனை நாள் கழித்து முன்னைப்போல ஒரு கேள்வி. ‘போயிட்டாங்கம்மா, எல்லாரும் நல்லபடியா போய்ச் சேந்துட்டாங்க’ என்று வாய்க்குள் தயாராக வந்து நின்றது. அவள் முகம் அதைத்தான் எதிர்பார்க்கிறது போலவும் இருந்தது. நான் பைக் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, சாவியை எடுத்து, மெதுவாகவே சொன்னேன்.

“கப்பல விட்டு இறங்குனத நான் பாத்தேன். துறைமுகம் கேட்ல ஏஜென்ட் வேன்ல ஏத்துனாங்க, அதையும் பாத்தேன். பை வச்சிருந்தவரு ஜன்னலோரமா இருந்தாரு. அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா.”

அவள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

“டீச்சர்கிட்ட அப்படியே சொல்லவா? எங்கப்பாவுக்குத் தெரியாதாம்னு?”

மறுநாள் ஒரு வகுப்பே அதைக் கேட்கும். சொல்லு என்றேன். அவள் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.